அச்சுப்பிழைக்கு அடித்த யோகம்

எழுத்து மாறினால், மை விட்டுப்போனால், படம் தலைகீழானால் அச்சகத்துக்கு நஷ்டம். ஆனால் சேகரிப்பு அட்டைகளின் உலகில் அதே தவறுக்கு ஏலம் நடக்கிறது. அங்கே எதைப் பிழை என்கிறார்கள், எதை வெறும் பழுது என்று தள்ளுகிறார்கள்?

1988ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குப் போதாத காலம். பேஸ்பால் சீசன் தொடங்கியதும் வரிசையாக 21 ஆட்டங்களில் தோற்றது அந்த அணி. முதல் ஆறு தோல்விகளிலேயே மேலாளர் கேல் ரிப்கன் சீனியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகன்கள் இருவரும் அதே அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கேல் ஜூனியர், அமெரிக்காவே கொண்டாடிய ஆட்டக்காரர். இளையவர் பில்லி ரிப்கன், அண்ணன் அளவுக்குப் பெயர் வாங்காதவர்.

அந்த ஆண்டு பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில், ஒரு புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதற்காக பில்லி தன் பேட்டைத் தோளில் சாய்த்தபடி நின்றார். பேட்டின் அடிமுனைக் குமிழ் கேமராவைப் பார்த்தபடி இருந்தது. குமிழில் கறுப்பு மையில் இரண்டு சொற்கள்.

அந்தப் படத்தைத்தான் ஃப்ளியர் நிறுவனம் தன் 1989ஆம் ஆண்டுத் தொடரின் 616ஆம் அட்டையாக அச்சிட்டது. படத்தைத் தேர்ந்தெடுத்தவர், வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் என ஒருவர் கண்ணிலும் அந்தக் குமிழ் படவில்லை. பாக்கெட்டைப் பிரித்த பையன்கள் கண்ணில் உடனே பட்டுவிட்டது. இந்த இதழில் அச்சிட முடியாத ஆங்கில வசவு அது.

அமெரிக்கா முழுக்க அந்த அட்டையைத் தேடி அலைந்தார்கள். ஃப்ளியர் பதறிப்போய் வசவை மறைக்க இறங்கியது. ஓர் அச்சில் குமிழின் மேல் வெள்ளை பூசப்பட்டிருந்தது. இன்னொன்றில் கிறுக்கி மறைத்திருந்தார்கள். கடைசியில் கறுப்புக் கட்டம் ஒன்றை அதன்மேல் போட்டு மூடினார்கள். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம், ஒரே எண். சந்தையிலோ பல வகை. யாரோ குறும்பு செய்துவிட்டார்கள் என்று முதலில் சொல்லிவந்த பில்லி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 2008இல், எழுதியது தானே என்று ஒப்புக்கொண்டார். பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தும் பேட் அது. மற்ற பேட்டுகளுக்கு நடுவே சட்டென்று அடையாளம் தெரியட்டும் என்று எழுதினாராம்.

சரி, இந்த அட்டையில் பிழை எங்கே இருக்கிறது? பெயரில் எழுத்துப் பிழை இல்லை. படத்தில் இருப்பவர் பில்லிதான். ஆட்டக் கணக்குகள் சரி. மை சரியாக விழுந்திருக்கிறது, வெட்டும் நேராக இருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதில் பிழையே இல்லை. ஆனாலும் பேஸ்பால் அட்டைகளின் வரலாற்றில் மிகப் பிரபலமான பிழை அட்டை எதுவென்று கேட்டால், சேகரிப்பாளர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்கு குறியீடுகள்

அட்டை சேகரிப்பு அமெரிக்காவில் பொழுதுபோக்காக இருந்து வியாபாரமாக மாறிய காலம் 1980கள். புள்ளியியலாளரான ஜேம்ஸ் பெக்கெட் அட்டைகளுக்கான விலைப் பட்டியல்களை வெளியிட்டுப் பெயர் பெற்றார். 1984இல் அதற்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கினார். எந்த அட்டை என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அத்தகைய பட்டியல்களில் சில அட்டைகளின் பெயருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்துக் குறியீடுகள் நின்றன.

‘ஈ.ஆர்.ஆர்’ என்றால் பிழை உள்ள அட்டை. ‘சி.ஓ.ஆர்’ என்றால் அதே அட்டையின் திருத்தப்பட்ட அச்சு. ‘வி.ஏ.ஆர்’ என்றால் பிழை என்று சொல்ல முடியாத, ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. நான்காவது ‘யூ.ஈ.ஆர்’. பிழை உண்டு, ஆனால் நிறுவனம் கடைசிவரை அதைத் திருத்தவில்லை என்று பொருள்.

முதல் குறியீட்டுக்கும் நான்காவதற்கும் இடையில்தான் பணம் இருக்கிறது. தவறு நடந்து, அது கண்டுபிடிக்கப்பட்டு, அச்சு நிறுத்தப்பட்டு, திருத்தம் செய்யப்பட்டால் ஒரே அட்டைக்கு இரண்டு வடிவங்கள் உண்டாகிவிடும். முழுத் தொகுப்பு வேண்டும் என்பவர் இரண்டையும் தேடுவார். எது குறைவாக அச்சானதோ அதன் விலை ஏறும். தவறு திருத்தப்படாவிட்டால் எல்லோரிடமும் இருப்பது ஒரே அட்டைதான். எல்லோரிடமும் இருக்கும் ஒன்றுக்கு யார் கூடுதலாகக் காசு கொடுப்பார்?

ஆகவே பேஸ்பால் அட்டைக்காரர்களின் பழைய வழக்கு இது: திருத்தம் நடந்திருந்தால்தான் அது கணக்கில் வரும் பிழை. பில்லி ரிப்கன் அட்டையைப் பிழை அட்டையாக்கியது அவர் எழுதிய வசவைவிட, ஃப்ளியர் பூசிய கறுப்பும் வெள்ளையும்தான்.

ஓர் எழுத்து, ஒரு சொல்

இந்த வழக்கு ஃப்ளியர் காலத்தில் பிறந்ததல்ல. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வண்ண அட்டைகளை வைத்து விற்றது. டி206 என்று இன்று அறியப்படும் தொடர் அது. அந்தப் பெயரை வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். வாழ்நாளெல்லாம் அட்டைகளைத் தேடி வகைப்படுத்திப் பட்டியலிட்ட அவர், தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பிலடெல்ஃபியா அணியின் ஷெரி மெகீ என்பவருக்கும் இந்தத் தொடரில் அட்டை உண்டு. ‘மெகீ’ என்ற பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டலில் நடுவே ஓர் எழுத்து மாறி, ‘மேகி’ என்று படிக்கும்படி அச்சாகிவிட்டது. விரைவிலேயே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதற்குள் வெளியே போன சில அட்டைகள்தான் இன்று ‘மேகி’ என்ற பெயரிலேயே தனி இனமாகத் தேடப்படுகின்றன. ஆட்டக்காரரின் உண்மைப் பெயர் பலருக்கு இந்தத் தப்பான பெயர் வழியாகத்தான் தெரியவந்தது.

அதைவிடக் கூத்து ஜோ டாயில் கதை. நியூயார்க்கில் அப்போது இரண்டு டாயில்கள் ஆடினார்கள். ஜோ டாயில், அமெரிக்கன் லீகைச் சேர்ந்த ஹைலேண்டர்ஸ் அணியின் பந்துவீச்சாளர். லாரி டாயில், நேஷனல் லீகைச் சேர்ந்த ஜயன்ட்ஸ் அணிக்காரர். அச்சகத்தில் யாரோ இருவரையும் குழப்பிக்கொண்டு, ஜோவின் படத்துக்குக் கீழே ‘நியூயார்க் நேஷனல்’ என்று பொருள்படும் சுருக்கத்தைப் போட்டுவிட்டார்கள். தவறு தெரிந்ததும் லீகின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே அச்சிட்டார்கள். நீக்கப்படாத அட்டைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தெரியவருகின்றன. ஏலத்துக்கு வந்தால் விலை லட்சக்கணக்கான டாலரில் பேசப்படும். திருத்தப்பட்ட ஜோ டாயில் அட்டையோ, அந்தத் தொடரின் எந்தச் சாதாரண அட்டைக்கும் உள்ள விலைக்கே கிடைக்கும்.

ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பெரிய பிழை, சின்ன விலை

இனி எதிர்ப்பக்கம். 1957ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 20ஆம் எண் அட்டையில் இருப்பவர் ஹேங்க் ஆரன். வலதுகை ஆட்டக்காரர், பின்னாளில் பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனையை முறியடித்தவர். அட்டையிலோ அவர் இடதுகைக்காரர்போல் நிற்கிறார். படத்தின் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். சட்டையில் உள்ள 44 என்ற எண்கூடக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது. பத்து வயதுப் பையன் பார்த்தாலே தெரியும் தவறு. டாப்ஸ் அதைத் திருத்தவே இல்லை. அந்த அட்டைக்கு நல்ல விலை உண்டு. ஆனால் அது ஆரனுக்கான விலை, பிழைக்கானது அல்ல.

1969இல் அதே டாப்ஸ், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் ஆரேலியோ ரோட்ரிகஸ் பெயரில் ஓர் அட்டை போட்டது. படத்தில் நின்றவர் ரோட்ரிகஸ் அல்ல. ஆட்டக்காரர்களுக்கு பேட் எடுத்துக் கொடுக்கும் அணிப் பையன். ஆளே மாறிப்போன இந்த அட்டையும் திருத்தப்படவில்லை. சேகரிப்பாளர்கள் சிரித்துப் பேச நல்ல விஷயம், அவ்வளவுதான்.

வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் உண்டு. மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் லூ பர்டெட் வலதுகைப் பந்துவீச்சாளர். 1957 உலகத் தொடரில் மூன்று ஆட்டங்களை வென்று கொடுத்தவர். அப்படிப்பட்டவர் 1959ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டைக்குப் படமெடுத்தபோது, குறும்புக்காகக் கையுறையைக் கை மாற்றிப் போட்டுக்கொண்டு இடதுகைக்காரர்போல் நின்றார். யாரும் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு அவர் பெயரின் எழுத்துக்கூட்டலும் அட்டையில் தவறு. ஒரே அட்டையில் இரண்டு கோளாறு இருந்தும் ‘யூ.ஈ.ஆர்’ வரிசையில்தான் இடம்.

ஆரன் அட்டையையும் ஜோ டாயில் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். பிழையின் அளவுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

பெயர் இல்லாத தாமஸ்

அட்டைகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய தாள் ஒன்றில் வரிசை வரிசையாக அச்சாகி, பிறகுதான் வெட்டப்படுகின்றன. டாப்ஸ் 1980களில் பயன்படுத்திய தாளில் 132 அட்டைகள். அப்படி ஆறு தாள் சேர்ந்தால் 792 அட்டை கொண்ட ஆண்டுத் தொடர். சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைக்கும் தனித்தனித் தகடு. நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார்ந்தால்தான் படம் படமாக வரும்.

தவறு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறும். தகடு தயாராகும் முன்பே நுழைந்தால் அது எழுதியவரின், படம் தேர்ந்தவரின் தவறு. திருத்தும்வரை அச்சாகும் ஒவ்வொரு அட்டையிலும் ஒரே மாதிரி இருக்கும். மேகியும் ஆரனும் இந்த வகை. அச்சு ஓடும்போது நுழைந்தால், குறிப்பிட்ட நேரத்தில் ஓடிய தாள்களில் மட்டும் இருக்கும். வெட்டும்போதோ பாக்கெட்டில் அடைக்கும்போதோ நுழைந்தால், அந்த ஒற்றை அட்டையோடு போய்விடும்.

இரண்டாவது வகைக்குச் சிறந்த உதாரணம் 1990ஆம் ஆண்டு டாப்ஸ் தொடரின் 414ஆம் அட்டை. சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்குத் தேர்வாகியிருந்த ஃபிராங்க் தாமஸ் என்ற இளைஞரின் அட்டை அது. சில பாக்கெட்டுகளில் அவர் பெயர் இருக்க வேண்டிய பட்டை வெறுமையாக இருந்தது. முதலில் இதைப் பெயர் போட மறந்த கதையாகத்தான் பார்த்தார்கள். பிறகு சேகரிப்பாளர்கள் தாளில் தாமஸைச் சுற்றியிருந்த மற்ற அட்டைகளையும் தேடி எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் கறுப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. அந்த அட்டைகளை ஜிக்சா புதிர்போல் அடுக்கினால், அறுந்த இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே திட்டாக வந்தன. தாளின் ஒரு பகுதியில் கறுப்பு மை விழாமல் ஏதோ தடுத்திருக்கிறது. தாமஸின் பெயர் சரியாக அந்தத் திட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

அதே திட்டில் மாட்டிய மற்றவர்களுக்கு விளிம்புக் கோடு மட்டும் போனது. அவர்களைத் தேடுவோர் சிலரே. பெயரை இழந்த தாமஸ் 2014இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளி மதிப்பிழந்த அந்தக் காலத்து அட்டைகளுக்கு நடுவே, இந்தப் பெயரில்லாத அட்டை மட்டும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது.

ஒரு புள்ளிக்குச் சண்டை

பல ஆண்டுகள் பேஸ்பால் அட்டைச் சந்தை டாப்ஸின் கையில் இருந்தது. 1980இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு அந்தத் தனியாட்சிக்கு வேட்டு வைத்தது. அடுத்த ஆண்டே ஃப்ளியரும் டான்ரஸும் அவசர அவசரமாகத் தொடர்களைக் கொண்டுவந்தன. அவசரத்தில் நடப்பது நடந்தது. ஃப்ளியர் அட்டையில் நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர் கிரெய்க் நெட்டில்ஸின் பெயர் முதல் எழுத்து மாறி அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து. ஆனால் அட்டைக் கடைகளில் அந்த ஆண்டு முழுக்க அதே பேச்சு.

பிழைக்கு விலை உண்டு என்று சந்தை ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு விடுமா? 1989இல் அப்பர் டெக் என்ற புதிய நிறுவனம் வந்தது. அதன் முதல் தொடரிலேயே டேல் மர்ஃபி என்ற ஆட்டக்காரரின் படம் திரும்பி அச்சாகி, சீக்கிரமே சரிசெய்யப்பட்டது. விலை விறுவிறுவென்று ஏறி, சில ஆண்டுகளில் சரிந்தது. 1990இல் டான்ரஸ் அச்சிட்ட ஜான் ஸ்மோல்ட்ஸ் அட்டையில் சக ஆட்டக்காரர் டாம் கிளாவினின் படம் வந்து, பிறகு மாற்றப்பட்டது. அதே தொடரில் ஹுவான் கொன்சாலஸ் படம் திரும்பி வந்து, அதுவும் திருத்தப்பட்டது.

உச்சம் அந்தத் தொடரின் பின்பக்கத்தில் இருக்கிறது. நிறுவனப் பெயரின் சுருக்கத்துக்குப் பின் சில அச்சுகளில் புள்ளி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அந்தப் புள்ளியைத் தேடி பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தவர்கள் உண்டு. புள்ளி உள்ளது, இல்லாதது என இரண்டு முழுத் தொகுப்பு சேர்ப்பவரும் உண்டு. இதெல்லாம் ஒரு பிழையா என்று தலையில் அடித்துக்கொள்பவரும் உண்டு. விலைப் பட்டியலைப் பொறுத்தவரை இது ‘வேறுபாடு’. யாருக்கும் தவறான தகவல் போகவில்லை, எந்தப் படமும் கெடவில்லை.

இதற்கு நடுவே சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. பிழை விட்டால் பாக்கெட் விற்கும் என்று தெரிந்தபின், நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழை விடுகின்றனவா என்று சேகரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு முன்னுதாரணமும் இருந்தது. 1933இல் கௌடி என்ற சூயிங்கம் நிறுவனம் தன் தொடரில் 106ஆம் எண் அட்டையை அச்சிடவே இல்லை. பையன்கள் அந்த ஒரு அட்டைக்காகச் சூயிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதியவர்களுக்கு மட்டும் அடுத்த ஆண்டு நேப் லாஜோய் படம் போட்ட 106ஆம் அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். இதை யாரும் பிழை அட்டை என்று சொல்வதில்லை. வியாபார தந்திரம் என்றுதான் சொல்கிறார்கள்.

2007இல் டாப்ஸ் வெளியிட்ட டெரிக் ஜீட்டர் அட்டையில் பின்னணியில் இருவரைக் காணலாம். ஒருவர் 1995இலேயே இறந்துபோன பழைய ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். மற்றவர் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ், ரசிகர்கள் நடுவே கையசைக்கிறார். நிறுவனத்துக்குள் யாரோ கணினியில் செய்த விளையாட்டு. இதையும் பிழை என்று சேர்ப்பவர் உண்டு. ஆனால் கை தவறியது வேறு, கை வைத்தது வேறு. இன்றைய நிறுவனங்கள் ஒரே எண்ணில் வேறு படம் போட்டுக் குறைவாக அச்சிட்டு விற்பதை வெளிப்படையாகவே செய்கின்றன. அவற்றுக்குப் பெயர் வேறுபாடு. பிழை என்ற சொல்லுக்கு அவை உரிமை கொண்டாட முடியாது.

உலகம் செய்த பிழை

அச்சகத்தில் எல்லாம் சரியாக நடந்தும் அட்டை தப்பாகிவிடுவதுண்டு. 1973 முடியும் நேரத்தில் சான் டியாகோ பாட்ரெஸ் அணி கைமாறி வாஷிங்டனுக்குப் போவது உறுதி என்றே எல்லோரும் நம்பினார்கள். டாப்ஸும் நம்பியது. 1974ஆம் ஆண்டு அட்டைகளில் பாட்ரெஸ் ஆட்டக்காரர்கள் பலருக்கு ‘வாஷிங்டன், நேஷனல் லீக்’ என்று பெயர் போட்டு அச்சிட்டுவிட்டது. கடைசி நேரத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ரே கிராக் அணியை வாங்கி, சான் டியாகோவிலேயே நிறுத்திக்கொண்டார். டாப்ஸ் அவசரமாகத் தகட்டை மாற்றியது. முதலில் ஓடிய அட்டைகளில், பிறக்காத ஓர் அணியின் பெயர் நிலைத்துவிட்டது.

1979இல் பம்ப் வில்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரரான அவர் அட்டையில் டொராண்டோ புளூ ஜேஸ் என்று இருந்தது. அவர் அணி மாறப்போகிறார் என்ற பேச்சை நம்பிப் போட்ட பெயர் என்பார்கள். அவர் டொராண்டோவுக்குப் போகவே இல்லை. டாப்ஸ் பெயரை ரேஞ்சர்ஸ் என்று திருத்தியது. இரண்டு வடிவங்களும் பட்டியலில் ஏறின.

பழைய வழக்கை உடைத்த புதிய ஆட்டம்

1993 ஆகஸ்டில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை விளையாட்டை வெளியிட்டது. அச்சடித்தது பெல்ஜியத்தின் கார்டா முண்டி. ஆல்ஃபா என்று அழைக்கப்படும் அந்த முதல் அச்சில் இரண்டு அட்டைகள் முழுதாகவே விட்டுப்போயின. ஓவியர் ஒருவரின் பெயர் தவறாக அச்சானது. ‘ஆர்கிஷ் ஓரிஃப்ளேம்’ என்ற அட்டைக்கு இருக்க வேண்டிய ஆட்டச் செலவைவிடக் குறைவான செலவு அச்சானது. பேஸ்பால் அட்டையில் எழுத்து மாறினால் ஆட்டம் மாறாது. இங்கே எண் மாறினால் ஆட்டமே மாறும். அதனால் விளையாட்டு நிறுவனங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன: அட்டையில் என்ன அச்சாகியிருந்தாலும், நிறுவனம் அதிகாரபூர்வமாக வைத்திருக்கும் வாசகமே செல்லும்.

1994இல் ‘செரெண்டிப் எஃப்ரீத்’ என்ற நீல வகை அட்டை, பச்சைச் சட்டகத்தோடும் வேறோர் அட்டையின் ஓவியத்தோடும் வெளிவந்தது. அதே ஆண்டு கோடையில் அச்சான ஒரு தொகுப்பு, குறைகள் மலிந்திருந்ததால் அழிக்கப்பட்டது. அழிவுக்குத் தப்பிய சில பெட்டிகள் வெளியே வந்துவிட்டன. அவற்றில் பச்சையாக இருக்க வேண்டிய ‘ஹரிகேன்’ நீலமாக இருந்தது. மேஜிக் சேகரிப்பாளர்கள் கனவு காணும் பிழை அட்டைகளில் அந்த நீல ஹரிகேன் முதல் வரிசை.

1999இல் ஆங்கிலத்தில் போகிமான் அட்டைகள் வந்தபோது சின்னப் பிள்ளைகள்கூடப் பிழை தேடக் கற்றார்கள். ‘ஜங்கிள்’ தொடரின் மினுமினுப்பு அட்டைகள் 16இலும், தொடரின் சின்னம் இல்லாமலே ஓர் அச்சு வந்துவிட்டது. நைன்டேல்ஸ் அட்டையொன்றில் தாக்குதலின் பெயர் இருந்தது, அதன் வலிமையைச் சொல்லும் 80 என்ற எண்ணைக் காணோம். ஜப்பானில் போகிமான் திரைப்படத்தையொட்டி வெளியான ‘ஏன்ஷியன்ட் மியூ’ அட்டையிலோ நின்டெண்டோ நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போய், பின்னால் திருத்தப்பட்டது. இவையெல்லாம் பழைய வழக்குக்கு உட்பட்டவை. ஆனால் முதல் அச்சுகளில் ஓவியச் சட்டகத்தின் வலப்பக்கம் நிழல்கோடு இல்லாத போகிமான் அட்டைகளைப் பிழை என்று விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. அது வடிவமைப்பு மாற்றம். விலை உண்டு, பிழை அல்ல.

இந்த விளையாட்டுகளின் சேகரிப்பாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். வெட்டு தவறி இரண்டு அட்டைகளின் பாதிகள் ஒன்றாக வந்தது, முன்பக்கம் ஓர் அட்டையும் பின்பக்கம் வேறொன்றுமாக ஒட்டிக்கொண்டது, பாக்கெட் ஒட்டும் இயந்திரத்தின் பல் அட்டையின் நுனியைக் கடித்து வரிவரியாகப் பதிந்தது என எல்லாவற்றையும் தனித்தனி வகையாக்கிச் சேகரிக்கிறார்கள். இவற்றுக்குத் திருத்தப்பட்ட அச்சு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் ஒற்றை விபத்து.

அஞ்சல்தலைக்காரர்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. 1854இல் வெளியான இந்தியாவின் நாலணா அஞ்சல்தலையில் விக்டோரியா ராணியின் தலை தலைகீழாக விழுந்ததும், 1918இல் அமெரிக்காவின் 24 சென்ட் தலையில் விமானம் கவிழ்ந்ததும் உலகப் புகழ் பெற்ற அச்சு விபத்துகள். பின்னதில் வெளியே வந்தது ஒரே தாள், 100 தலைகள். அட்டைக்காரர்கள் அந்த வழிக்கு வர முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பழுதா, பிழையா?

நடைமுறையில் தீர்ப்புச் சொல்வது தரச்சான்று நிறுவனங்கள். 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டையைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் பூட்டிக் கொடுக்கிறது. படம் நடுவில் இல்லாவிட்டால், வெட்டு தவறியிருந்தால், அச்சுக் கறை இருந்தால், படம் மங்கலாகத் தெரிந்தால், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் குறையைச் சுட்டும் எழுத்துகளும் சேரும். அதாவது சாதாரணமான வெட்டுப் பிசகையும் மைப்புள்ளியையும் அவர்கள் பிழையாகப் பார்ப்பதில்லை, குறையாகப் பார்க்கிறார்கள். விலை ஏறாது, இறங்கும். அதே நிறுவனம், பட்டியலில் ஏறிவிட்ட ‘பெயரில்லாத தாமஸ்’ போன்றவற்றை உறையின் மேல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆக, படம் கொஞ்சம் சாய்ந்திருப்பது பழுது. அடுத்த அட்டையின் பாதி சேர்ந்து வந்தால் சிலருக்கு அது பொக்கிஷம். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டும் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. வாங்குபவர்கள் போதிய அளவு பேர் ஒப்புக்கொண்டால் கோடு நகர்கிறது.

கோடு நகரும் இடத்தில் மோசடியும் நுழையும். வெயிலில் வைத்தால் மஞ்சளும் மஜெந்தாவும் சீக்கிரம் வெளுக்கும், நீலம் தங்கிவிடும். அப்படி வெளுத்த அட்டையை ‘மஞ்சள் மை விட்டுப்போன அபூர்வப் பிழை’ என்று விற்பது பழைய தந்திரம். அச்சான பெயரைச் சுரண்டியும் வேதிப்பொருள் தடவியும் எடுப்பார்கள். அச்சகத்தின் கழிவுத் தாளை வீட்டிலேயே கோணலாக வெட்டி ‘வெட்டு தவறியது’ என்பார்கள். ஓரத்தை வெட்டி ஏமாற்றுவது பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் 4,51,000 டாலருக்குக் கூட்டாக வாங்கிய டி206 ஹோனஸ் வாக்னர் அட்டை, உலகின் மிகப் புகழ்பெற்ற அட்டை. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பழைய பெட்டியில் போகிமானோ பேஸ்பாலோ அகப்பட்டால் பார்க்க வேண்டியவை மூன்று. தவறு அச்சில் பிறந்ததா, பிறகு கையால் வந்ததா? அதே தவறு கொண்ட இன்னோர் அட்டையை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா? திருத்தப்பட்ட அச்சு இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் விலைப் பட்டியலைத் திறந்தால் போதும். ஒற்றை விபத்தாக இருந்தால், அதற்கென்றே ஏங்கும் ஒருவரைக் கண்டுபிடிக்கும்வரை அது பழுதான அட்டைதான்.

பில்லி ரிப்கன் அட்டை இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கறுப்புக் கட்டம் போட்டது மிகச் சாதாரணம். வசவு பளிச்சென்று தெரியும் அட்டையும் ஒன்றும் அபூர்வமல்ல, கொஞ்சம் தேடினால் வாங்கிவிடலாம். கிடைப்பதற்கரியது வேறொன்று: ஃப்ளியர் வெள்ளை பூசி மறைக்கப் பார்த்து, சரிவராமல் கைவிட்ட அச்சு. 616ஆம் எண்ணில் அதிக விலை அதற்குத்தான்.